ஸ்க்ரூவுக்குத் தகுதியான கால்

என் கால் உடைந்தபோது நான் ஆடிக்கொண்டிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வாரியம் இதைப் பற்றி நிறையப் பேசும்.

நான் ஒரு தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரன். மத்திய எடைக்கல் வாரியத்தின் அணிக்கு டெல்லி லீக்கில் மாற்று ஆட்டக்காரனாக உட்காருகிறேன். கடைகளில் எடைக்கல்லே இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. வாரியம் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு வாரியத்துக்குக் கால்பந்து அணி இருப்பதால் எங்களுக்கும் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒப்பந்த வேலை. மதியச் சாப்பாடு வரை குமாஸ்தா, அதற்குப் பிறகு ஆட்டக்காரன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். மைதானத்து ஓரப் பெஞ்சில், பயிற்சிச் சட்டைக்குள் மறைத்துவைத்துப் படிப்பேன். அன்று நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒருவன் பனி மூடிய ரயில் நிலையத்தில் வராத ரயிலுக்காகக் காத்திருந்தான். நானும் அவனோடு காத்திருந்தேன். கால் மரத்துப்போனது தெரியவில்லை.

"ப்ரணவ்! ஜல்தி!" என்று எங்கள் கோச் பிஷ்ட் கத்தினார். அணியில் சேர்ந்த பிறகு அவர் என்னை ஆடக் கூப்பிட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. திடுக்கிட்டு எழுந்தேன். மரத்த கால் பக்கவாட்டில் மடங்கியது. காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம்.

'ஐயோ அம்மா' என்று கத்தியிருக்கலாம். "கடவுளே, எல்லாம் முடிந்துவிட்டது!" என்று கத்தினேன். படிக்கிற புத்தகங்கள் அப்படி. பிஷ்ட் இமயமலைப் பக்கத்துக் கர்வால்காரர், தமிழ் தெரியாது. தண்ணீர் பாட்டிலை என் மேல் வீசினார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் டாக்டர் சுபிக்ஷா. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் பெயரைப் பார்த்துத் தமிழில் பேச முயற்சி செய்தார்.

"பாருங்க, சுண்டுவிரலுக்குப் போகிற லாங் எலும்பு இருக்கு இல்லையா, அது இங்க, பாதத்தோட வெளி சைடுல உடைஞ்சிருக்கு. முன்னாடியே லைட்டா கிராக் இருந்திருக்கும். இந்த இடத்துக்கு ரத்தம் கம்மியாத்தான் வரும். அதனால சேர்றதுக்கு ரொம்ப டைம் எடுக்கும். சில பேருக்கு சேராமலேயே இருந்துடும்."

எங்கள் வாரியத்தில் என் மேஜைக்குக் கோப்பு வருகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆபீஸ் போறவங்கன்னா கட்டு போட்டு வெயிட் பண்ணலாம். ப்ளேயர்னா அப்படி விட முடியாது. உள்ள ஒரு ஸ்க்ரூ போட்டுடணும். சீக்கிரம் ஓடலாம், திரும்ப உடையற சான்ஸும் கம்மி. நீங்க எது?"

"மதியம் வரைக்கும் ஆபீஸ். அப்புறம் ப்ளேயர்."

"அச்சா," என்று அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "அப்ப இந்தக் கால் எதுன்னு உங்க ஆபீஸ்ல அப்ரூவல் வாங்கிட்டு வாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நாவல்களில் நோய்வாய்ப்பட்ட இளைஞர்கள் மலைமேல் இருக்கும் விடுதிகளில், கால்மேல் கம்பளி போர்த்திக்கொண்டு, வெள்ளை மூடுபனியைப் பார்த்தபடி படிப்பார்கள். எனக்கும் அப்படி ஒரு காலம் வந்துவிட்டதாக நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கம்பளி கேட்டேன்.

"கம்பளியா? இப்பத்தாண்டா ஃபேனை நிறுத்தியிருக்கேன்," என்றாள் அம்மா. அம்மாவின் பெயர் ஹம்சா. ஒரு மந்திரி அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். "கம்பளி இருக்கட்டும். பிப்ரவரியில நான் ரிடையர் ஆறேன். இந்த லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அதுக்குள்ள உன் வேலை பர்மனென்ட் ஆனாத்தான் வீட்டை உன் பேருக்கு மாத்திக்க முடியும். உன் கான்ட்ராக்ட்ல என்ன போட்டிருக்கு? லீக் கடைசி மேட்ச்ல ஆடியிருக்கணும்னு போட்டிருக்கா இல்லியா?"

"போட்டிருக்கு."

"கட்டு போட்டுண்டு உக்காந்தா பிப்ரவரியில ஆட முடியுமா?"

"முடியாது."

"அப்ப ஜல்தியா போய் ஸ்க்ரூவை வாங்கற வழியைப் பாரு. கம்பளி அப்புறம்."

வாரியத்தில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. விளையாட்டுக் காய வகைப்பாட்டுக் குழு. தலைவர், இணை இயக்குநர் பல்லா சாஹிப். உறுப்பினர்-செயலர் ராமசுப்ரமணியன். மூன்றாவது நாற்காலி எலும்பு நிபுணருக்கு. அந்த இடம் எப்போதோ காலியானது. பெயர்ப்பலகை மட்டும் மேஜைமேல் இருந்தது. நிபுணருக்கு முன்னாலும் ஒரு டீ வைத்தார்கள். பல்லா சாஹிப் அதையும் குடித்தார்.

அவர் பேசியது இந்தியும் ஆங்கிலமும் கலந்து. நான் தமிழில் தருகிறேன். மொழிபெயர்ப்பில் மூலத்தின் மிடுக்கு கொஞ்சம் போயிருக்கும்.

"மகனே, இந்த நாட்டில் எத்தனை கால்கள் இருக்கின்றன, யோசித்துப் பார். எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூ போட முடியுமா? ஆட்டக்காரனின் காலுக்குப் போடலாம். குமாஸ்தாவின் காலுக்குக் கட்டு போதும். குமாஸ்தாவின் கால் மேஜைக்கு அடியில்தானே இருக்கிறது? சரி, கால் உடைந்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?"

"பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், சார்."

"உட்கார்ந்திருந்தாய்." அவர் ராமசுப்ரமணியனைப் பார்த்தார். ராமசுப்ரமணியன் குறித்துக்கொண்டார். "உட்காருவது யார் வேலை?"

"எழுந்திருக்கும்போதுதான் உடைந்தது, சார்."

"எழுந்திருப்பதும் குமாஸ்தாவின் வேலைதான். நான் அறைக்குள் வரும்போது எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். அவர்களெல்லாம் ஆட்டக்காரர்களா?"

"மிகச் சரி, சார்," என்றார் ராமசுப்ரமணியன் ஆங்கிலத்தில். "மேலும் அப்போது இவர் கையில் ஒரு நாவல் இருந்ததாகத் தெரிகிறது. ஆட்டக்காரர்கள் நாவல் படிப்பதற்கு ஆதாரம் இல்லை."

வாதம் எனக்கே பிடித்திருந்தது. உடைந்தது என் காலாக இல்லாவிட்டால் நானும் குழுவின் பக்கம்தான் பேசியிருப்பேன்.

ஊன்றுகோலோடு வெளியே வந்தேன். பின்னாலேயே ராமசுப்ரமணியன் வந்தார். கதவு மூடியதும் அவருடைய மொழி மாறியது.

"அம்பி, மனசுல வெச்சுக்காதே. உள்ளே நான் போர்டு. இங்க காரிடார்ல நான் உங்கம்மாவுக்குத் தெரிஞ்சவன். லோதி ரோடு பஜனையில ஒண்ணா உக்காந்து பாடறோம்."

"உள்ளயே எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாமா?"

"உள்ளே தமிழ்லே பேச முடியுமோ? உன் பக்கம் இருக்கற பாயிண்டெல்லாம் எனக்குத் தமிழ்லேதான் தோணறது." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "கவலைப்படாதே. திறமைச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. நீ நெஜமாவே ப்ளேயர்னு மைதானத்துல காட்டிட்டா, கால் ப்ளேயர் கால் ஆயிடும். நானே நோட் போடறேன்."

"கால் உடைஞ்சிருக்கே?"

"அதான் இன்னொண்ணு இருக்கே."

அடுத்த வாரம் வாரியத்தின் மைதானத்தில் திறமைச் சோதனை ஏற்பாடானது. டெல்லியில் எதையும் சும்மா தொடங்க முடியாது. ஷாமியானாப் பந்தல் போட்டார்கள். முன்வரிசையில் சோஃபா. சாமந்தி மாலை, குத்துவிளக்கு, சமோசா. எதிர்க் கோல் கம்பம் வெள்ளையாக எதிலோ மறைந்திருந்தது. மூடுபனி என்று மனம் நெகிழ்ந்தேன். புகை என்று இருமல் சொன்னது.

பல்லா சாஹிப் சிறப்பு விருந்தினர். கூர்மூக்குத் தோல் ஷூ போட்டிருந்தார். மாலையும் சால்வையும் ஏற்றுக்கொண்டு, கால்களின் மேன்மை பற்றிப் பேசினார். பிறகு முதல் உதை. நடுவர் விசில் ஊதினார். புகைப்படக்காரர், "சார், இன்னும் கொஞ்சம் ஜோராக!" என்றார். பல்லா சாஹிப் இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து உதைத்தார். பந்து அதிகம் நகரவில்லை. ஷூ பந்தின் மேலேறி வெளிப்பக்கமாக மடங்கியது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

"ஹாய் ராம்!" என்று அவர் உட்கார்ந்தார். தாய்மொழியில் கத்தினார் என்பதைக் கவனித்துப் பொறாமைப்பட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. அது எனக்காகத்தான் நிறுத்தப்பட்டிருந்தது.

சமோசா வந்துவிட்டதால் சோதனையை நிறுத்த முடியவில்லை. ராமசுப்ரமணியன் தலைமையில் தொடர்ந்தது. இரண்டு ஊன்றுகோல்களையும் அக்குளில் கொடுத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டு, பெனால்டி இடத்தில் நின்றேன். ஊஞ்சல் மாதிரி உடம்பை ஆட்டி நல்ல காலால் உதைத்தேன். கோல்கீப்பர் ஆம்புலன்ஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து வலையின் மேல்மூலையில் போய்த் தங்கியது.

என் தொழில்முறை வாழ்க்கையின் முதல் கோல்.

பிஷ்ட் ஓடிவந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அடே பையா," என்றார் இந்தியில், "ரெண்டு காலும் நல்லா இருந்தப்ப இதை ஏண்டா எங்கிட்ட காட்டலை?"

இரண்டாவது கூட்டத்துக்குப் பல்லா சாஹிப் சக்கர நாற்காலியில் வந்தார். வலது பாதம் ஒரு பெரிய கறுப்பு பூட்ஸுக்குள் மெத்தைமேல் இருந்தது. காயம்பட்ட அன்று சாயங்காலமே ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். என்னுடைய அதே எலும்பு, அதே இடம்.

"இந்தக் குழு என் விஷயத்தை மிக நடுநிலையோடு பரிசீலித்தது," என்றார் அவர். "நானே தலைமை தாங்கினேன். அதிகாரபூர்வமான மைதானத்தில், அதிகாரபூர்வமான விசிலுக்குப் பிறகு, அதிகாரபூர்வமான பந்தை உதைத்தவர் ஆட்டக்காரரே என்று முடிவானது. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் விதி என்றால் விதி. அதற்கு நான் தலைவணங்கினேன், மயக்கமருந்தும் கொடுத்துவிட்டார்கள்."

"என் விஷயம், சார்?"

"உன் விஷயம் வேறு. உடைந்த காலோடு நீ கோல் அடித்திருக்கிறாய். ஸ்க்ரூ போட்ட காலோடு என்னால்கூட அடிக்க முடியாது. இவ்வளவு நன்றாக இருக்கும் காலைத் திறந்து மருத்துவம் என்ன செய்யப்போகிறது? ராமசுப்ரமணியன்?"

"கெடுத்துவிடும் அபாயம் உண்டு, சார்."

"கெடுத்துவிடும்! உனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தருகிறோம்."

பிறகு பல்லா சாஹிப் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் உருட்டிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பேட்டா, வலிக்கிறதா?"

"வலிக்கிறது, சார்."

"வெளி ஓரத்தில்தானே? குளித்துவிட்டு வந்து தொங்கப்போட்டால்?"

"ஆமாம் சார். தலையணை மேல் வைத்தால் கொஞ்சம் குறையும்."

"நானும் அதைத்தான் செய்கிறேன்! என் மனைவி நம்ப மாட்டேன் என்கிறாள்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கனவு கண்ட மலைவிடுதி நட்பு இதுதான் என்று திடீரென்று உறைத்தது. ஒரே நோய், ஒரே வலி, மென்மையான பேச்சு. துணைக்கு ஒரு வெளிறிய இளவரசி இருப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். பல்லா சாஹிப் இருந்தார். என் கண்ணில் நீர் வந்தது. அவர் என் தோளைத் தட்டி, நிராகரிப்பில் கையெழுத்துப் போட்டார்.

காரிடாரில் ராமசுப்ரமணியன் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"அம்பி! உனக்கு வழி பொறந்தாச்சு!"

"நிராகரிச்சாச்சே, மாமா."

"உன்னைத்தானே நிராகரிச்சா? நீ ப்ளேயர்னு போய்க் கேட்டே, அதான் தப்பு. ப்ளேயர்னா ஆயிரம் கேள்வி. சீஃப் கெஸ்ட்டுக்கு ஏது கேள்வி? சாஹிபே முன்னுதாரணம் போட்டுக் குடுத்துட்டார். ஞாயித்துக்கிழமை அக்கவுண்ட்ஸ் செக்ஷனுக்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட்டுக்கும் மேட்ச். சாஹிப் லீவு. சீஃப் கெஸ்ட் இல்லை. நீ வந்துடு."

"நானா?"

"நீதான். பாராட்டுச் சான்றிதழ் வாங்கின ஆள். வந்து விளக்கேத்து, ரெண்டு வார்த்தை பேசு, பந்தை உதை, உடைச்சுக்கோ."

"அதான் ஏற்கனவே உடைஞ்சிருக்கே!"

"அது குமாஸ்தாவோட உடைப்பு, அதுக்குக் கட்டு போட்டாச்சு, ஃபைல் மூடியாச்சு. இது சீஃப் கெஸ்ட்டோட உடைப்பு." போகத் திரும்பியவர் நின்றார். "இன்னொண்ணு. நேரத்துக்கு வந்துடாதே. சந்தேகம் வரும்."

அம்மாவுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. அவளுடைய அலுவலகத்திலும் காரியங்கள் இப்படித்தான் நடந்தனவாம். "சந்தனக் கலர் குர்த்தாவைப் போட்டுண்டு போ," என்றாள். "ஜெர்சி போட்டுண்டு போனா யாரும் மதிக்கமாட்டா."

ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே தாமதமாக, ஆட்டோவில் போய் இறங்கினேன். இரண்டு செக்ஷன்களும் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு நாள் அதே மைதானத்துக்குச் சரியான நேரத்தில் வந்தவனை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். தோளில் ஒரு காஷ்மீர் சால்வையைப் போர்த்தினார்கள்.

பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாவல்தான். "நண்பர்களே, மனித ஆன்மா ஒரு நெடிய பனிக்காலத்தைக் கடக்கிறது," என்று ஆரம்பித்தேன். இந்தியில் அது இன்னும் மோசமாக இருந்தது. பலத்த கைதட்டல். எஸ்டாப்ளிஷ்மென்ட் ஹெட்கிளார்க், பல்லா சாஹிப் பேச்சைவிட ஆழமாக இருந்தது, ஒன்றும் புரியவில்லை என்றார்.

பிறகு விசில். ஊன்றுகோல்களில் தொங்கியபடி, கட்டுப்போட்ட பாதத்தின் நுனியால் பந்தைத் தொட்டேன். தொட்டது மெதுவாகத்தான். வலி மெதுவாக இல்லை. நடிப்பதற்கென்று யோசித்துவைத்திருந்த வசனங்கள் எல்லாம் மறந்துவிட்டன.

"ஐயோ அம்மா!" என்றேன்.

என் முழு வாழ்க்கையிலும் நான் சொன்ன அசல் வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அனுமதி மறுநாளே வந்துவிட்டது.

அறுவை அரங்கில் டாக்டர் சுபிக்ஷா அனுமதித் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பழைய எக்ஸ்ரேயும் புதிய எக்ஸ்ரேயும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன.

"சேம் எலும்பு, சேம் இடம். ஆனா இதுல புது இஞ்சுரின்னு போட்டிருக்கே?"

"ஆமா டாக்டர்."

"ப்ளேயர்னு சொன்னீங்க இல்லையா? எந்த பொசிஷன்?"

"சீஃப் கெஸ்ட்."

அவர் முகமூடிக்குள் சிரித்தாரா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அவரிடம் சொல்வதற்கென்று ஒரு நல்ல வாக்கியம், ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் வருவது, நினைவுக்கு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். மயக்கமருந்து முந்திக்கொண்டது. எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று.

ஸ்க்ரூ தன் வேலையைப் பார்த்தது. எங்கள் கதையில் தன் வேலையைப் பார்த்தது அது ஒன்றுதான். முதலில் ஊன்றுகோலோடு, பிறகு ஊன்றுகோல் இல்லாமல், ஜனவரிக் கடைசியில் லோதி தோட்டத்தைச் சுற்றி ஓடினேன். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, "பர்ஃபெக்ட். ஆடுங்க," என்றார். எனக்கு விநோதமான ஓர் ஆசை வந்திருந்தது. ஆட வேண்டும் என்ற ஆசை. பெனால்டி இடத்திலிருந்து வலையின் மேல்மூலைக்குப் பந்து போனதை ராத்திரிகளில் நினைத்துக்கொண்டேன். நாவலைப் பாதியில் மூடிவிட்டுக்கூட நினைத்துக்கொண்டேன்.

லீக்கின் கடைசி ஆட்டம். காலையில் நிஜமாகவே மூடுபனி. பூட்ஸை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். நேரத்துக்கு வந்தேன். பிஷ்ட் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு நீ ஆரம்பத்திலேயே இறங்கற," என்றார். அவர் பின்னால் ராமசுப்ரமணியன் கையில் மாலையோடு நின்றிருந்தார்.

"அம்பி, அந்தப் பக்கம் போகாதே. இப்படி சோஃபாவுக்கு வா."

"நான் ஆடணும், மாமா. கடைசி மேட்ச்ல ஆடினாத்தான் வேலை பர்மனென்ட்."

"ஆடித்தான் ஆகணும்னு யார் சொன்னா? உதைச்சவன் ஆட்டக்காரன்னு போர்டே தீர்மானம் போட்டிருக்கு. நீ முதல் உதை உதைச்சா நீ ஆடினதா ஆயிடும். பல்லா சாஹிப் பந்தைப் பார்த்தாலே நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கறார். இனிமே எல்லாத் திறப்புக்கும் உன்னைத்தான் போடச் சொல்லிட்டார்."

"உள்ளே இறங்கி ஆடினா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். நாங்கள் காரிடாரில் இல்லை. ஆனாலும் தமிழிலேயே சொன்னார். "இறங்கினா நீ ப்ளேயர். அப்புறம் சீஃப் கெஸ்ட்டுக்குப் போட்ட ஸ்க்ரூ ப்ளேயர் காலுக்குள்ள எப்படி வந்துதுன்னு ஆடிட்ல கேப்பான். உங்கம்மா ரிடையர்மென்ட் இந்த மாசக் கடைசி."

கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில், நான் ஆடுவதைப் பார்க்க முதல்முறையாக வந்திருந்தாள். என் பூட்ஸைப் பார்த்தாள். சோஃபாவைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு கயிற்றிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

சோஃபாவில் போய் உட்கார்ந்தேன். மாலை விழுந்தது. காஷ்மீர் சால்வை விழுந்தது. பனியில் கால் சில்லிட்டதால் அதை எடுத்து முழங்கால்மேல் போர்த்திக்கொண்டேன். எதிரே எல்லாம் வெள்ளையாக இருந்தது. நடுவர் இன்னும் வரவில்லை. பைக்குள் நாவல் இருந்தது. எடுத்தேன். சிறப்பு விருந்தினர் படிப்பதை யாரும் தடுக்கவில்லை; குறிப்பு எடுப்பதாக நினைத்துக்கொண்டார்கள். கால்மேல் கம்பளி, முன்னால் மூடுபனி, கையில் புத்தகம். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டிருந்தது. அந்த ரயில் நிலையத்தில் அவன் இன்னும் காத்திருந்தான். ஒரு பக்கம் படித்துவிட்டு, அதையே மறுபடி படித்தேன்.

"ப்ரணவ்! ஜல்தி!" என்று பிஷ்ட் மைதானத்து நடுவிலிருந்து பழைய வழக்கத்தில் கத்தினார். உடனே தப்பை உணர்ந்து, "ப்ரணவ் சாஹிப், தயவுசெய்து," என்றார்.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் மரத்துப்போயிருந்தது.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. சிறப்பு விருந்தினர்கள் மெதுவாகத்தான் எழுந்திருப்பார்கள்.